விசுவாசம் வளரவில்லையே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் எல்லாமே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில். இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிஃப்ட் வேலை. நண்பர் அழைத்ததால் ஞாயிறு மாலையில் இன்னொரு சபைக்கும் போய்வருகிறீர்கள். போன வருடம் புத்தாண்டு ஆராதனையில் உங்கள் வீட்டுக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. அதே வருடம் அப்பா நோய்வாய்ப்பட்டு, எவ்வளவோ ஜெபித்தும் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "வீட்டில் விசுவாசம் குறைவு, அதுதான் சுகம் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உங்களுக்குள் ஒரே கேள்வி: விசுவாசத்தை எப்படி வளர்ப்பது? வேதத்தை வாசித்தால் போதுமா? உபதேசமெல்லாம் தலைக்குத்தான், மனதுக்கு உதவாது என்று நண்பர் சொல்வது சரியா?

துக்க வீட்டில் சொல்லப்பட்ட அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். அது மனதில் கிடக்கும்வரை நான் எழுதப்போகும் எதுவும் உங்களுக்குள் இறங்காது. அது பொய். நல்ல எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும் பொய்தான். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோதும், எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். பவுல் தன் கடைசி நிருபத்தின் முடிவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதுகிறார்: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், உடன் ஊழியனை வியாதியோடு விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அவனுக்கு எழுதும்போது உன் விசுவாசம் போதாது என்று பவுல் சொல்லவில்லை, வயிற்றுக்கு என்ன சாப்பிடலாம் என்றுதான் சொன்னார். உங்கள் அப்பாவின் மரணத்துக்கு உங்கள் ஜெபத்தின் அளவைக் காரணம் காட்ட வேதத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இதே கேள்வியை அப்போஸ்தலரே கேட்டிருக்கிறார்கள். லூக்கா 17-ல், "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று ஆண்டவரிடமே கேட்கிறார்கள். அவர் அதற்கு ஒரு வழிமுறையும் சொல்லித் தரவில்லை. கடுகு விதையளவு இருந்தாலே போதும் என்கிறார். எனக்குப் புரிந்தவரை இதன் அர்த்தம்: உன் விசுவாசம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொண்டிருக்காதே, யாரை விசுவாசிக்கிறாய் என்று பார். நம் ஊரில் பலர் தங்கள் விசுவாசத்தையே விசுவாசித்துக் களைத்துப்போகிறார்கள். காலையில் கூடியிருக்கிறதா, மாலையில் குறைந்துவிட்டதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஆண்டவரைப் பார்க்க நேரம் ஏது? அவரை அறிய அறிய விசுவாசம் தானாக வேர்விடும். வேதம், உபதேசம், நம்பிக்கை என்ற மூன்றும் அவரை அறிவதற்குத்தான். இரண்டாம் பேதுருவின் கடைசி வசனமும் கிருபையிலும் இயேசு கிறிஸ்துவை அறிகிற அறிவிலும் வளரச் சொல்கிறது.

வேதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், உங்கள் காயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் அம்மாக்கள் அதை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள், அல்லது வேதாகமத்தின் முதல் பக்கத்தில் வருடத்தோடு எழுதிவைப்பார்கள். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த அட்டையில் வந்த ஒரு வசனம் எத்தனையோ பேரை வருடம் முழுவதும் தாங்கியிருக்கிறது. ஆனால் அந்த அட்டையே நம் வேத வாசிப்பாகிவிட்டால் ஆபத்து. அது யாருக்கு எழுதப்பட்டது, எப்போது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையில் வைத்திருப்போம். வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியதும், தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று தோன்றும்.

உங்களுக்குக் கிடைத்த வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமில் இருந்த தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பியது. கிறிஸ்துவுக்கு முன் 597-ல் நேபுகாத்நேச்சார் ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் வாரிக்கொண்டு போய்விட்டான். ஊர் போயிற்று, ஆலயம் தூரமாயிற்று. அவர்கள் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: எப்போது வீடு திரும்புவோம்?

அந்தக் கேள்விக்கு 28-ம் அதிகாரத்தில் ஒருவன் பதில் சொல்கிறான். பேர் அனனியா, அவனும் தீர்க்கதரிசிதான். இரண்டே வருடம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவிக்கிறான். அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக் கழற்றி முறித்தும் போடுகிறான். அன்றைக்கு அந்த ஆலயத்தில் நாம் இருந்திருந்தால் அனனியாவுக்குத்தான் ஆமென் சொல்லியிருப்போம் என்று நினைக்கிறேன். கேட்க அவ்வளவு ஆறுதல்! எரேமியாவும் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் சொன்னார். ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. அந்த வருடம் முடிவதற்குள் அனனியா இறந்துபோனான்.

அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் உங்கள் வசனம் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், 29:10-ல், காலக்கெடு சொல்லப்படுகிறது: 70 வருடம். அந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாக்குத்தத்தம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று கர்த்தர் சொன்னது, இந்த வருடம் உங்கள் வீட்டில் சாவு வராது என்ற உறுதிமொழியல்ல. நீங்கள் இழந்த இடத்திலும் என் கையை விட்டு நழுவவில்லை, கதையின் முடிவு என்னிடம் இருக்கிறது என்ற உறுதிமொழி அது. அப்படி வாசிக்கும்போது, அப்பா இறந்ததால் அந்த வசனம் பொய்யாகவில்லை என்பது தெரியும். ஒரு சாவு வீட்டில் நின்று வாசிப்பதற்கென்றே எழுதப்பட்ட கடிதம் அது.

இப்படி வாசிக்க இறையியல் பட்டம் தேவையில்லை. அட்டையில் வந்த வசனத்துக்கு முன் ஒரு அதிகாரமும் பின் ஒரு அதிகாரமும் வாசிக்கும் பொறுமை இருந்தால் போதும். வேதவாக்கியங்கள் உபதேசத்துக்கும் கடிந்துகொள்ளுதலுக்கும் சீர்திருத்தலுக்கும் நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். வாக்குத்தத்தப் பெட்டியில் கடிந்துகொள்ளுதலுக்கான அட்டை ஒன்றாவது எடுத்திருக்கிறீர்களா? அதுவும் அவர் வார்த்தைதான். அதுவும் வேண்டும் நமக்கு.

எங்கே தொடங்குவது? மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். ஒரு விடுமுறை நாளில் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் வாசித்தவர்கள் நம் சபைகளில் மிகக் குறைவு. வாசித்துப் பாருங்கள், இயேசு வேறு மாதிரித் தெரிவார். முதல் பாதியில் ஓட்டமாக ஓடுகிறார், அற்புதம் மேல் அற்புதம். பிலிப்புச் செசரியா வந்ததும் கதை திரும்பிவிடுகிறது, அதற்குப் பிறகு சிலுவையை நோக்கித்தான் நடை. ஞாயிறுதோறும் பத்து வசனமாகக் கேட்டவர்களுக்கு இந்தத் திருப்பம் கண்ணில் படுவதேயில்லை. அதன் பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், பிறகு ரோமர். பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம், யாத்திராகமம். சங்கீதங்களை மட்டும் தினமும் ஒன்றாக விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட்காரருக்கு அதிகாலை ஐந்து மணி தியானம் ஒத்துவராது, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். வேலை முடிந்து கேபில் வரும்போது காதில் ஒலி வேதாகமம் கேட்கலாம். ரோமர் 10:17 விசுவாசம் கேள்வியினாலே வரும் என்கிறது. அச்சடித்த வேதாகமம் கைக்கு வருமுன் சபை பல நூற்றாண்டுகள் கேட்டுத்தான் வளர்ந்தது. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், பக்கத்தில் 1995-ல் வந்த திருவிவிலியத்தை வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்துக்குப் பழையதே சுகம், புரிந்துகொள்ளப் புதியது உதவும்.

வேதாகமத்தைத் தமிழில் வைத்திருப்பதே எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பத்து வருடத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். இன்னொரு ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் 1742-ல் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் தமிழ்ப் பண்டிதர்களோடு உட்கார்ந்து வருடக்கணக்கில் மொழிபெயர்த்துத் திருத்தினார். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளில் அவர் உழைப்பின் தடம் இருக்கிறது. அந்த மனிதர் முதுமையில் கடன் சிக்கலில் மாட்டிச் சிறையிலும் இருந்தார். 1791-ல் இந்த ஊரிலேயே இறந்தார். வாக்குத்தத்தங்களையெல்லாம் தமிழில் நமக்குத் தந்தவருடைய கடைசிக் காலம் அப்படி இருந்தது. அவர் வீட்டிலும் யாராவது போய், விசுவாசம் குறைவு என்று சொல்லியிருப்பார்களோ!

அடுத்தது உபதேசம். உபதேசம் பிரிக்கும், அன்பு சேர்க்கும் என்பது உங்கள் நண்பரின் வாதம். சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் ஆச்சரியம். கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றானார்கள். அதற்கான பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. 28 வருடம் பேசினார்கள். வேதம், அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணம், நிசேயா விசுவாசப்பிரமாணம், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு சாக்கிரமெந்துகள், பேராயர் பணி என்று அடிப்படைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பேசித்தான் சேர முடிந்தது. உபதேசத்தைத் தூக்கி எறிந்து சேர்ந்தவர்களல்ல அவர்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று தெரிந்ததால் சேர்ந்தார்கள்.

உபதேசம் தலைக்கு மட்டும்தான் என்பதற்கு உங்கள் துக்கத்தை வைத்தே பதில் சொல்கிறேன். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற மூப்பர், குமாரன் படைப்புகளிலெல்லாம் உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர்தான் என்று போதித்தார். சொல்லிலும் பாட்டிலும் அது பரவியது. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அதற்காக நின்ற அத்தனாசியு ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். நாம் திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் நிசேயா பிரமாணம், 381-ல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தில் விரிந்த வடிவம். போன தலைமுறைகளின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றும்.

இப்போது யோவான் 11-க்கு வாருங்கள். லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள், "நீர் இங்கேயிருந்தீரானால்" என்று சொல்லிவிடுகிறாள். நீங்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தானே சொல்லியிருப்பீர்கள். பிறகு அந்தச் சின்ன வசனம்: "இயேசு கண்ணீர் விட்டார்." ஆரியு சொன்னது சரியென்றால், அந்தக் கண்ணீர் ஒரு உயர்ந்த படைப்பின் கண்ணீர். தேவன் சாவைப் பார்த்து என்ன நினைக்கிறார் என்று அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. நிசேயா சொன்னது சரியென்றால், என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்ற வார்த்தை உண்மையென்றால், லாசருவின் கல்லறைக்கு முன் அழுதவர் தேவன். உங்கள் அப்பாவின் கட்டிலுக்கருகில் தேவன் கல்மனதோடு நின்றாரா என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. அழுதவரே லாசருவை வெளியே வா என்று கூப்பிடவும் செய்தார், ஆகையால் சாவுக்கு முடிவு உண்டு என்பதும் அங்கேயே இருக்கிறது. இந்த ஆறுதலை 1700 வருடமாகக் கைமாற்றிக் கொடுத்தது உபதேசம்தான். இது மனதுக்கு உதவாது என்று யார் சொல்ல முடியும்?

விசுவாசப்பிரமாணத்தில் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில்" என்ற வரியைத் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள்: எதற்கு இவன் பேர் இங்கே? நல்ல கேள்வி. நம் விசுவாசம் மனதுக்கு இதமான எண்ணங்களில் நிற்பதல்ல. ஒரு ரோம அதிகாரி யூதேயாவை ஆண்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், வரலாற்றில் நடந்த ஒரு காரியத்தின்மேல் நிற்கிறது. உங்களுக்குள் உணர்ச்சி வற்றிப்போன நாளிலும் நடந்தது நடந்ததுதான். அழுகை வராத ஞாயிறுகளில் அந்தப் பிரமாணத்தைச் சபையோடு சேர்ந்து சொல்லுங்கள். உங்களால் தனியாகச் சொல்ல முடியாததை அன்று பக்கத்தில் நிற்பவர்கள் உங்களுக்காகவும் சொல்வார்கள்.

உபதேசம் படிக்கப் பெரிய புத்தகங்கள் வேண்டாம். மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் 1529-ல் வந்தது. கிராமத்துச் சபைகளைப் போய்ப் பார்த்தபோது, ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாத நிலையைக் கண்டு, குடும்பத் தலைவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதினார். பத்துக் கட்டளை, விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று ஒவ்வொன்றும் கேள்வியும் பதிலுமாக இருக்கும். லூத்தரன் சபை நண்பர்கள் வீட்டில் தமிழில் கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். தேவன் சிருஷ்டிகர் என்பதற்கு அங்கே தரப்படும் விளக்கத்தை வாசித்தால், கண், காது, உடுப்பு, சாப்பாடு, வீடு என்று அடுக்கிக்கொண்டே போய், இதெல்லாம் என் தகுதியால் வந்ததல்ல என்று முடியும். எபேசியர் 2:8-ம் அதைத்தான் சொல்கிறது: இரட்சிப்பு உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு. விசுவாசம் குறைவு என்று உங்கள்மேல் பழி சுமத்தியவர், கிருபையைச் சம்பளமாக்கிவிட்டார். இவ்வளவு விசுவாசம் செலுத்தினால் இவ்வளவு சுகம் என்று கணக்குப் போட்டுவிட்டார். கிருபையைப் பற்றிய உபதேசம் தெரிந்திருந்தால் அந்த வார்த்தை உங்களை ஒரு வருடம் தூங்கவிடாமல் செய்திருக்காது.

நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமுண்டு, நீங்கள் இன்னும் துக்கத்தில் இருக்கிறீர்கள். தேவனை நம்புகிறவன் அழக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களிடம் சங்கீதப் புத்தகத்தைக் கொடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே போய் இருட்டிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் ஜெபப் புத்தகத்தில் சேர்த்துவைத்தார். புகார் சொல்கிறவன் இன்னும் அவரிடம்தானே பேசுகிறான், அதுவே நம்பிக்கை. பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் மாற்கு 9-ல் சொன்னதைப் பாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம், கண்ணிலே தண்ணீர். முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

2004-ல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரம். நம் கடற்கரைக் குப்பங்களில் முந்தின நாள் பாட்டுப் பாடிய பிள்ளைகளை மறுநாள் அடக்கம்பண்ணினார்கள். இவர்கள் செய்த பாவம் என்ன என்று அன்றும் சிலர் பேசினார்கள். பேசாமல் சோறாக்கிக் கொண்டுபோனவர்களும் இருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான், எத்தனையோ ஆலயங்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்துவைத்தன. எரேமியாவின் அதே கடிதத்தில் அட்டையில் அச்சடிக்கப்படாத 7-ம் வசனம் ஒன்று இருக்கிறது: நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். 11-ம் வசனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்களுக்குக் கர்த்தர் கொடுத்த வேலை அது. வீடு கட்டு, தோட்டம் போடு, இருக்கிற ஊருக்காக ஜெபி.

நம்பிக்கை வளருவது பெரும்பாலும் இப்படிக் கீழ்ப்படிவதில்தான், அதுவும் நமக்கு விலை வைக்கிற இடத்தில். உங்களுக்கு வயது வந்துவிட்டது, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்குவார்கள். கிறிஸ்தவ மணமகள் தேவை என்று போட்டுவிட்டு, அடுத்த சொல்லிலேயே சாதியைப் போடுகிற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேவன் என் எதிர்காலத்தைப் பார்த்துக்கொள்வார் என்று சாட்சி சொல்கிற வாயே, எத்தனை பவுன் என்றும் கேட்கிறது. இது சின்ன விஷயமல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலமான எதிர்ப்புக் கிளம்பியது, சிலர் பிரிந்தே போனார்கள். அவர்களும் வேதம் வாசித்தவர்கள், ஞானப்பாட்டுப் பாடியவர்கள். கலாத்தியர் 3:28 அவர்கள் வேதாகமத்திலும் இருந்தது. வரதட்சணை வேண்டாம், சாதி பார்க்க வேண்டாம் என்று நீங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால், அதில் கற்றுக்கொள்ளும் நம்பிக்கையைப் பத்து உபவாச ஜெபக் கூட்டங்களில் கற்க முடியாது.

சபையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இரண்டு சபைக்குப் போவது பாவமில்லை, ஆனால் ஏதாவது ஒன்றில் உறுதியாக இருங்கள்; உங்களைப் பேர்சொல்லித் தெரிந்த ஆயரும், நீங்கள் வராவிட்டால் போன் பண்ணும் நாலு பேரும் உள்ள இடமாக இருக்கட்டும். திருவிருந்தைத் தவறவிடாதீர்கள். பிரசங்கம் யாருடையதானாலும், பெரோயா பட்டணத்தார் பவுலையே சோதித்துப் பார்த்ததுபோல, காரியங்கள் அப்படியிருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து பாருங்கள். அப்படிப் பார்ப்பதை அவமானமாக நினைக்கும் போதகரிடமிருந்து தள்ளி இருங்கள்.

லூக்கா 24-ல் எம்மாவுக்குப் போன இருவர் உங்களைப் போன்றவர்கள்தான். அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம் என்று, கூடவே நடந்துவந்தவரிடமே சொன்னார்கள். நம்பிக்கை பழைய கதையாகிவிட்ட பேச்சு அது. இயேசு உடனே தன்னை வெளிப்படுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், மோசே முதலாய் எல்லாத் தீர்க்கதரிசிகளையும் எடுத்து, கிறிஸ்து பாடுபடவேண்டியதில்லையா என்று வழிநெடுக விளக்கினார். அவர் அப்பம் பிட்டபோதுதான் அவர்கள் கண் திறந்தது. ஆனால் வேதவாக்கியங்களை அவர் விளங்கக் காட்டியபோதே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். ஏமாற்றத்தோடு நடந்த அந்த வழியில், யார் என்று தெரியாமலே அவர்கள் அவரோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

இந்த வாரம் நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் மாற்குவை வாசித்து முடியுங்கள். புரியாததை ஒரு நோட்டில் எழுதிவைத்து உங்கள் ஆயரிடம் நேராகக் கொண்டுபோங்கள், பலர் அப்படியொரு வாலிபன் வரமாட்டானா என்று காத்திருக்கிறார்கள். இன்னொன்று, உங்கள் கேள்வி முழுவதிலும் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: அவர்கள் இப்போது குடும்ப ஜெபத்தில் பேசுவதில்லை என்று. அந்த வார்த்தை அவர்கள் காதிலும் விழுந்திருக்கும், தம்பி. இன்று இரவே அவர்களோடு உட்கார்ந்து 13-ம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம். உங்கள்மேல் பழியில்லை அம்மா, வேதம் அப்படிச் சொல்லவில்லை என்று, பிறவிக் குருடனைப் பற்றிய யோவான் 9-ஐத் திறந்து காட்டுங்கள். பிறகு இருவருமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் படுங்கள்.